கோல்ஃபில் டிரைவரை எடுத்தாலே பந்து வலப்பக்கக் காட்டுக்குப் போகிறது, என்ன செய்யலாம்?

லிந்துலை_டீமேக்கர்:

வணக்கம். தலைப்பில் இருப்பதுதான் பிரச்சினை. கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வயது 39. லிந்துலைப் பக்கம் ஒரு தோட்டத்து ஸ்டோரில் (தேயிலை ஆலையில்) டீமேக்கர். போன வருடம் எங்கள் துரை (தோட்ட மேனேஜர்) மாற்றலாகிப் போகும்போது தன்னுடைய பழைய கோல்ஃப் பையை அப்படியே என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். "சும்மா மூலையில கெடக்குது, நீங்க அடிச்சுப் பாருங்க" என்றார். அன்று பிடித்த கிறுக்கு. மாதத்தில் இரண்டு ஞாயிறு நுவரெலியாவுக்குப் போய்விடுகிறேன். வீட்டில் இதற்கு வைத்திருக்கும் பெயரை இங்கே எழுத முடியாது.

7 அயர்ன் மட்டை பரவாயில்லை. 140 யார் போகும், கடைசியில் லேசாக வலப்பக்கம் சாயும், அவ்வளவுதான். டிரைவரில்தான், அதாவது தூரத்துக்கு அடிக்கிற நீளமான மட்டையில்தான், வினை. பந்து முதலில் இடப்பக்கம் கிளம்புகிறது. அப்பாடா என்று நினைப்பதற்குள் நடுவானத்தில் மனம் மாறி, கவ்வாத்துக் கத்தி மாதிரி வலப்பக்கம் வளைந்து மரங்களுக்குள் போய் விழுகிறது. நான் வலக்கைக்காரன். போன ஞாயிறு மட்டும் ஏழு பந்து தொலைந்தது. எட்டாவது பந்து ரோட்டுக்குப் போய், லீக்ஸ் ஏற்றி வந்த லொறிக்கு முன்னால் துள்ளியது. டிரைவர் (இது லொறி டிரைவர்) கண்ணாடியை இறக்கி ஏதோ சொன்னார். சிங்களத்தில் சொன்னாலும் நன்றாகப் புரிந்தது.

செய்து பார்த்தவை: இடப்பக்கம் குறி வைத்தேன், இன்னும் மோசமாக வளைந்தது. கொழும்பில் ஒரு பயிற்சியாளரிடம் காசு கட்டி முக்கால் மணி நேரம் நின்றேன். "தலையைத் தூக்காதே" என்பதைத் தவிர அவர் வாயிலிருந்து வேறு எதுவும் வரவில்லை. யூடியூப்பில் இருபது வீடியோ பார்த்தேன், இருபதும் இருபது விதம்.

இன்னொன்று. தோட்டத்து கிரிக்கெட் அணிக்குப் பத்து வருடம் ஓப்பனிங் ஆடினேன். ஸ்கொயர் கட் என்றால் என்னைத்தான் சொல்வார்கள். இதற்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா? டிரைவரில் 9.5 பாகை என்று போட்டிருக்கிறது. ஏன் அதில் மட்டும் இப்படி? எதை முதலில் திருத்துவது?

---

திகனைக்காரன்:

அண்ணே, கவலையே வேண்டாம். இன்னும் முப்பது யார் இடப்பக்கம் குறி வையுங்கள். நான் விக்டோரியா மைதானத்தில் ஆறு வருடமாக அப்படித்தான் விளையாடுகிறேன். பந்து ஏரிப் பக்கம் கிளம்பும், அப்புறம் தானாகத் திரும்பி ஃபேர்வேக்கு (நடுவில் வெட்டிவிட்ட புல்தரைக்கு) வந்துவிடும். வளைவு தெரிந்த வளைவாக இருந்தால் அதுவும் ஒரு திறமைதான்.

இல்லையென்றால் டிரோ டிரைவர் (பந்தை இடப்பக்கம் வளைய வைப்பது) என்று விற்கிறார்கள், எடையை ஷாஃப்ட் (மட்டையின் தண்டு) பக்கம் வைத்துச் செய்தது. ஒன்று வாங்கிப் போடுங்கள். செலவு செய்தால் தீரும் நோய் இது.

---

பழைய_கேடி:

தம்பி, நான் எட்டாம் வகுப்பு வரைதான். சொல்லச் சொல்ல மகள் தட்டுகிறாள். பிழை இருந்தால் அவளுடையது.

நுவரெலியா கோல்ஃப் மைதானத்தில் 26 வருடம் கேடியாகப் பை தூக்கினேன். அதற்கு முன்னால் பந்து பொறுக்கினேன். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் புதருக்குள் இறங்குவோம். ஐந்தாறு பையன்கள், கையில் ஆளுக்கொரு கம்பு. நல்ல பந்தாக இருந்தால் கழுவித் துடைத்துத் துரைமாரிடமே திருப்பி விற்போம். எங்கே தேடினோம் என்று நினைக்கிறீர்கள்? வலப்பக்கம். இடப்பக்கப் புதரில் ஒரு பந்து கிடைத்தால் வலப்பக்கத்தில் பத்து. ஸ்லைஸ் (இந்த வலப்பக்க வளைவு) என்ற ஒன்று இல்லாவிட்டால் எனக்கு அந்தக் காலத்தில் பள்ளிக்கூடச் சப்பாத்தே இருந்திருக்காது. 1889இல் வெள்ளைக்காரர்கள் தொடங்கிய கிளப் அது. அன்றிலிருந்து ஓடையில் விழுந்த பந்தை எல்லாம் அள்ளினால் ஒரு லொறிக்குக் காணும். அதனால் உங்கள் வியாதி எனக்குப் பழக்கமானது.

இடப்பக்கம் கிளம்பி வலப்பக்கம் வளைகிறது என்று எழுதினீர்களே, அந்த ஒரு வரி போதும். உங்கள் வீச்சு வெளியிலிருந்து உள்ளே வருகிறது. கிளப் (மட்டை) பந்துக்கு அந்தப் பக்கமாக இறங்கி, பந்தை அறுத்துக்கொண்டு உங்கள் இடக்கால் பக்கம் போகிறது. அது போகிற பாதையோடு பார்த்தால் கிளப்பின் முகம் வலப்பக்கம் திறந்து கிடக்கிறது. முகம் ஒரு பக்கம், பாதை ஒரு பக்கம். அந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள வித்தியாசம்தான் பந்தைச் சாய்த்துச் சுழற்றுகிறது. நீங்கள் இடப்பக்கம் குறி வைத்ததும் பாதை இன்னும் இடப்பக்கம் போனது, முகம் கூடவே போகவில்லை. வித்தியாசம் கூடியது, வளைவும் கூடியது. திகனைத் தம்பி சொல்வது கூரை ஒழுகினால் கட்டிலை நகர்த்துவது மாதிரி. லய வீட்டில் நாங்களும் நகர்த்தியிருக்கிறோம். மழை கூடினால் நகர்த்த இடம் இருக்காது.

சரி, வேலைக்கு வருவோம். முதலில் திருநீறு.

சிரிக்காதீர்கள். எனக்கு ஒரு துரை வாய்த்தார், பெயர் வேண்டாம். ஒவ்வொரு டீயிலும் (முதல் அடி அடிக்கிற இடத்திலும்) ஸ்லைஸ் அடிப்பார், அடித்துவிட்டு என்னைத் திட்டுவார். நான் பையை அசைத்தேனாம், இருமினேனாம். ஒரு தைப்பூசத்தன்று காலையில் கோயிலுக்குப் போய்விட்டு நேரே வேலைக்கு வந்தேன். சட்டைப் பையில் திருநீற்றுப் பொட்டலம் இருந்தது. அவர் டிரைவரைத் துடைக்கிற சாக்கில் முகத்தில் லேசாகப் பூசிக் கொடுத்தேன். அடித்தார். வழக்கம்போல வலப்பக்கம். திட்ட வாயைத் திறந்தவரிடம் கிளப்பைத் திருப்பிக் காட்டினேன். வெள்ளையில் ஒரு ஐந்து ரூபாய்க் குத்தி அளவுக்கு வட்டம், நடுவில் இல்லை, ஷாஃப்ட்டை ஒட்டி. இன்னொன்று அடித்தார். அதே இடம். மூன்றாவதும் அதே இடம். அதற்கப்புறம் அவர் என்னைத் திட்டியதில்லை. திருநீறு எதற்கு என்று மட்டும் கடைசி வரை சந்தேகமாகவே பார்த்தார்.

ஷாஃப்ட்டை ஒட்டிப் பட்டால் அடி சரியாக இருந்தாலும் பந்து வலப்பக்கம் சுழலும். நுனிப் பக்கம் பட்டால் இடப்பக்கம். ஆகவே நீங்களும் பூசி மூன்று பந்து அடியுங்கள். குழந்தைப் பவுடரும் ஆகும். வட்டம் ஷாஃப்ட் பக்கம் இருந்தால் பந்தை விட்டு அரை அங்குலம் தள்ளி நில்லுங்கள், எடை பாதத்தின் நுனிக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முன்னால் சாய்கிறவனுக்குத்தான் அங்கே படும். இது தெரியாமல் வேறு எதைத் திருத்தினாலும் வீண்.

இரண்டாவது இடது கை. கிளப்பைப் பிடித்துக்கொண்டு மேலிருந்து குனிந்து பாருங்கள். எத்தனை விரல் முட்டி தெரிகிறது? ஒன்றுதான் தெரியும், எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கட்டாயம், இரண்டரை என்றால் நல்லது. கையை வலப்பக்கம் உருட்டிப் பிடிக்க வேண்டும். உள்ளங்கையில் பிடிக்காதீர்கள். தண்ணீர் வாளி தூக்கும்போது கம்பி எங்கே இருக்கும்? விரல்களில். அப்படி. இரண்டு கையிலும் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் விழும் கோடு உங்கள் வலத் தோளைப் பார்க்க வேண்டும். பத்து நாளைக்கு அடுத்தவன் கையால் சாப்பிடுவது மாதிரி இருக்கும். மாற்றாதீர்கள்.

ஸ்கொயர் கட்டுக்கும் இதற்கும் சம்பந்தமா என்று கேட்டீர்கள். அதுதான் முழுக் கதையும். கட் அடிக்கிறவன் மட்டையைத் திறந்து வைத்துப் பந்தை அறுப்பான். கை அதைப் பத்து வருடம் படித்திருக்கிறது. இனி அந்தக் கையிடம் புல் ஷொட்டை (லெக் பக்கம் இழுத்து அடிப்பதை) ஞாபகப்படுத்துங்கள். பந்து மேலே எழும்பாமல் இருக்க மணிக்கட்டை உருட்டுவீர்களே, வலக்கை இடக்கைக்கு மேலே ஏறி வருமே, அதேதான். பந்தைத் தாண்டும்போது அந்த உருட்டு வந்தால் முகம் தானாக மூடும்.

மூன்றாவது, பாதை. இதற்கு உங்களிடம் கொழுந்துச் சாக்கு இருக்கிறது, காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. ஒன்றைச் சுருட்டி, பந்துக்கு வெளிப்புறம் ஒரு சாண் தள்ளி, அரை அடி பின்னால் வையுங்கள். அரை வேகத்தில் வீசுங்கள். வெளியிலிருந்து வந்தால் சாக்கில் படும். படாமல் அடிக்கப் பழகினால் பாதை உள்ளேயிருந்து வருகிறது என்று அர்த்தம். கல், கட்டை வைக்காதீர்கள். வைத்தவரை நான் பார்த்திருக்கிறேன், மணிக்கட்டில் மூன்று வாரம் கட்டுப் போட்டிருந்தார்.

தோளையும் பாருங்கள். டிரைவருக்குப் பந்தை இடது குதிகாலுக்கு நேரே வைப்பதால், எட்டிப் பார்க்கிற சாக்கில் தோள் இடப்பக்கம் திறந்துவிடும். கால் நேராக இருக்கும், தோள் வேறெங்கோ இருக்கும். கிளப்பை மார்புக்குக் குறுக்கே வைத்தால் தெரிந்துவிடும். டீயின் (பந்தைத் தாங்கும் குச்சியின்) உயரம், பாதிப் பந்து டிரைவரின் தலைக்கு மேலே தெரிகிற மாதிரி.

மகளுக்கு விரல் வலிக்கிறதாம்.

---

வட்டகொடைப்பெண்:

ஐயா எழுதியதை இரண்டு தடவை வாசித்தேன். என் அப்பாவுக்கும் சத்தமாக வாசித்துக் காட்டினேன். அவர் திருநீற்றுப் பகுதியில் எழுந்து போய் சுவாமி மாடத்தைப் பார்த்துவிட்டு வந்தார்.

அண்ணா, டிரைவரில் மட்டும் ஏன் என்று கேட்டீர்கள், அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. நான் கொழும்பில் எஞ்சினியர், ஆபிஸில் இந்த விளையாட்டு தொற்றிக்கொண்டது. 7 அயர்னின் முகம் முப்பது பாகைக்கு மேல் சாய்ந்திருக்கும். பந்து பின்பக்கமாகப் பலமாகச் சுழலும், பக்கவாட்டுச் சாய்வு அதில் அமுங்கிவிடும். டிரைவரின் முகம் ஏறக்குறைய செங்குத்து. அதே தவறு அதே அளவு செய்தாலும் சுழற்சி அச்சு அதிகமாகச் சாய்ந்துவிடும். ஷாஃப்ட் நீளம், வேகம் கூட, பந்தும் தூரம் போகிறது, ஆகவே வளைய நேரமும் கூட. உங்கள் தவறு எல்லா கிளப்பிலும் ஒன்றுதான், டிரைவர் அதை மறைப்பதில்லை.

இதிலிருந்து ஒன்று உடனே செய்யலாம். 9.5 பாகைச் சாய்வு உங்களுக்கு வேண்டாம். 12 பாகை யாராவது கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் துரையின் பையில் 3 வுட் இருக்கும், 15 பாகை. ரோடு ஓரத்து ஹோல்களில் அதை எடுங்கள். இருபது யார் குறையும், லொறிக்காரர் நன்றாக இருப்பார். திகனைக்காரன் சொன்ன டிரோ டிரைவரும் ஏமாற்று இல்லை, கொஞ்சம் குறைக்கும். ஆனால் உங்கள் வளைவுக்கு அது காணாது.

இன்னொன்று என் சொந்த அனுபவம். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,870 மீற்றர். கொழும்போடு ஒப்பிட்டால் அங்கே காற்று ஆறில் ஒரு பங்கு மெல்லியது. மெல்லிய காற்றில் பந்து தூரம் போகும், ஆனால் குறைவாக வளையும். ஊருக்கு வரும்போதெல்லாம் அங்கே பழகிவிட்டு, "என் ஸ்லைஸ் குறைந்துவிட்டது" என்று ஆபிஸில் பெருமை பேசினேன். அடுத்த வாரம் கொழும்பு ரோயல் மைதானத்தில் அதே வீச்சு, பந்து களனிவெளி ரயில் தண்டவாளத்தைத் தேடிக்கொண்டு போனது. மைதானத்துக்கு நடுவாலேயே ரயில் போகும் இடம் அது. ஆகவே நுவரெலியாவில் நீங்கள் பார்ப்பது உங்கள் ஸ்லைஸின் குறைந்த அளவுதான் அண்ணா. மன்னிக்கவும்.

ஐயாவுக்கு ஒரு கேள்வி. பந்து கிளம்பும் திசை வீச்சின் பாதையைப் பொறுத்தது என்றுதான் பழைய ஆட்கள் எல்லோரும் சொல்வார்கள். ராடார் வைத்து அளந்து பார்த்ததில் அது பெரும்பாலும் முகம் பார்க்கும் திசை என்று தெரிந்தது. டிரைவரில் எண்பது வீதம் அளவுக்கு முகம்தான். உங்களுக்கு எப்படித் தோன்றியது?

---

பழைய_கேடி:

தங்கச்சி, நானும் இருபது வருடம் பாதை என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். துரைமார் புத்தகத்தைப் பார்த்துச் சொல்வார்கள், நாங்கள் தலையாட்டுவோம். ஆனால் பந்து பொறுக்கின காலத்தில் ஒன்று கவனித்திருக்கிறேன். இடப்பக்கமே கிளம்பாமல் நேரே வலப்பக்கம் போய், அதற்கு மேலும் வலப்பக்கம் வளைகிற பந்து ஒன்று உண்டு. அதை அடித்தவரும் வெளியிலிருந்து உள்ளேதான் வீசியிருப்பார். பாதை என்றால் அந்தப் பந்து இடப்பக்கம் அல்லவா கிளம்பியிருக்க வேண்டும்? அப்போது கேட்க ஆள் இல்லை. இப்போது நீங்கள் சொன்னதும் விளங்கியது.

தம்பி, இடப்பக்கம் கிளம்புவதால் உங்கள் முகம் அவ்வளவு மோசமில்லை, இலக்கோடு பார்த்தால் கொஞ்சம் மூடித்தான் வருகிறது. பாதைதான் ரொம்பத் தூரம் இடப்பக்கம். ஆகவே சாக்குப் பயிற்சியை விடாதீர்கள்.

மைதானத்தில் நிற்கும்போது இன்னொரு சின்ன வேலை. டீ அடையாளங்களுக்கு நடுவில் எங்கே வேண்டுமானாலும் பந்தை வைக்கலாம், இரண்டு கிளப் நீளம் பின்னாலும் போகலாம். ஸ்லைஸ்காரர்கள் எல்லோரும் வலப்பக்கக் காட்டுக்குப் பயந்து இடப்பக்க ஓரத்தில் போய் நிற்பார்கள். நீங்கள் வலப்பக்க ஓரத்தில் நில்லுங்கள். அங்கிருந்து பார்த்தால் ஃபேர்வேயின் இடப்பக்கம் அகலமாகத் தெரியும், பந்து வளைந்தாலும் விழ இடம் இருக்கும்.

ரோட்டுப் பக்கம் போனது வெளியே போயிருக்கும் என்று சந்தேகம் வந்தால், புரொவிஷனல் (தற்காலிகப் பந்து) என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு இரண்டாவது பந்தை அப்போதே அடித்துவிடுங்கள். தேடப் போய் மூன்று நிமிடம் கழித்துத் திரும்ப டீக்கு நடந்து வருகிறவரைப் பின்னால் நிற்பவர்கள் வாழ்த்த மாட்டார்கள். முன்பு ஐந்து நிமிடம், 2019இல் குறைத்துவிட்டார்கள். பந்து பொறுக்குகிற பையன்களுக்கு அது நல்ல காலம்.

---

லிந்துலை_டீமேக்கர்:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். எல்லோருக்கும் நன்றி.

ஸ்டோருக்குப் பின்னால் லொறி திரும்புகிற இடத்தில், சாயங்காலம் கொழுந்து நிறுத்து முடிந்தபிறகு, வலை கட்டி அடித்தேன். திருநீறு பூசினேன். ஷாஃப்ட்டை ஒட்டித்தான், அண்ணே. மூன்றும். மூன்றாவது வட்டம் முகத்தைவிட்டுப் பாதி வெளியே. வாட்ச்மேன் பக்கத்தில் வந்து நின்று பார்த்துவிட்டு, "ஐயா, பூசை போட்டா பந்து நேரா போகுமா?" என்று கேட்டார். விளக்கப் போய் அரை மணி நேரம் போனது. இப்போது அவரும் அடிக்கிறார், என்னைவிட நேராக.

முட்டி எண்ணினேன். ஒன்றுகூட முழுதாகத் தெரியவில்லை. இரண்டரைக்கு மாற்றினேன். முதல் நான்கு நாள் பந்து உருண்டுதான் போனது. சாக்கை முதல் நாள் பதினோரு தடவை அடித்தேன், பத்தாம் நாள் இரண்டு தடவை.

போன ஞாயிறு மைதானத்தில்: டிரைவரை ஒன்பது தடவை மட்டும் எடுத்தேன், மற்ற இடங்களில் 3 வுட். தொலைந்தது இரண்டு பந்து. ஆனால் அதில் ஒன்று இடப்பக்கம் போனது! வாழ்க்கையில் முதல் ஹூக். பயந்துவிட்டேன், ஆனால் உள்ளுக்குள் சந்தோஷம்தான். கடைசி நாலைந்து ஹோலில் களைத்துப்போனதும் பழைய வளைவு மெல்ல எட்டிப் பார்த்தது. அது எதனால்?

---

பழைய_கேடி:

களைத்தால் கால் நின்றுவிடும், கை மட்டும் வீசும், தோள் முந்திக்கொள்ளும். கூடவே பிடி இறுகும். ஒரு குருவியைப் பிடித்திருக்கிற மாதிரி என்று சொல்வார்கள், எனக்கு அது பிடிக்காது, குருவியைப் பிடித்தவன் எவன்? நனைந்த துணியைப் பிழியாமல் கொடியில் போடுகிற அளவு இறுக்கம் போதும். கடைசி நாலு ஹோலுக்கு டிரைவரைப் பைக்குள்ளேயே வைத்திருங்கள், ஒரு மாதத்துக்கு.

ஹூக் வந்ததற்குக் கையைத் திரும்ப மாற்றிவிடாதீர்கள். ஒன்று வந்ததற்கு ஒன்றும் ஆகாது. பத்தில் நான்கு வந்தால் எழுதுங்கள், முட்டியை இரண்டுக்குக் குறைப்போம்.

அடுத்த ஞாயிறு வருவதாக இருந்தால் ஆறரைக்கு வேண்டாம், பனியில் பந்து எங்கே போனது என்று எனக்குத் தெரியாது. எட்டுக்கு வாருங்கள். மார்க்கெட் பக்கம் மகளுடைய மரக்கறிக் கடையில் கேட்டால் என்னைக் கூப்பிட்டுவிடுவாள். வாட்ச்மேனையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், அவர் கையைப் பார்க்க வேண்டும்.